சட்டப்புத்தகத்தில் இல்லாத பக்கம்: பேரழிவு கேம்களில் சர்வாதிகாரம்

ஃப்ராஸ்ட்பங்க் கேமை முடித்தவர்கள் பேசுவதைக் கேட்டால் ஒரு வாக்கியம் எப்படியும் வந்துவிடும்: "வேற வழி இல்ல." குழந்தைகளை வேலைக்கு அனுப்பினேன், வேற வழி இல்ல. சாப்பாட்டில் மரத்தூள் கலந்தேன், வேற வழி இல்ல. எதிர்த்துப் பேசியவனைச் சிறையில் போட்டேன், அதுக்கும் வேற வழி இல்ல. ஃபால்அவுட்: நியூ வேகஸ் ஆடியவர்களிடம் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "சீசர் கொடூரன்தான். ஆனா அவன் ஆளுற இடத்துல ரோட்டுல கொள்ளை கிடையாதே." இரண்டும் கேமுக்குள் நிற்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் அங்கிருந்து "நாட்டுக்கும் இப்படி ஒரு கண்டிப்பான ஆள்தான் வேணும்" என்பதற்கு ஒரு எட்டு வைத்தால் போதும். அந்த எட்டை வைப்பவர்கள் குறைவில்லை.

அதனால் இந்தக் கேள்வியை விளையாட்டாக விட்டுவிடாமல் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. உலகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கும் மனிதர்களுக்குச் சர்வாதிகாரம் நல்லது செய்கிறதா? கேம்கள் இதற்கு என்ன பதில் சொல்கின்றன, அந்தப் பதிலை எப்படித் தயாரிக்கின்றன? (கதை முடிவுகள் எல்லாம் கீழே வரும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் ஓடிவிடாது.)

அதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். கண்டிப்பு வேறு, சர்வாதிகாரம் வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் 1940 ஜனவரியில் உணவுப் பங்கீட்டைக் கொண்டுவந்தது. வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி எல்லாம் அளந்துதான் கிடைத்தன. போர் முடிந்த பிறகும் அது இழுத்துக்கொண்டே போய் 1954-இல்தான் முழுதாக முடிந்தது. இதைவிடக் கண்டிப்பு என்ன வேண்டும்? ஆனால் அதே காலத்தில் நாடாளுமன்றம் கூடியது. 1940 மே மாதம், ஜெர்மன் படை வாசலுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், நார்வே விவாதத்துக்குப் பிறகு சேம்பர்லின் பதவி இழந்தார், சர்ச்சில் வந்தார். போரை நடத்திய சர்ச்சிலையே 1945 தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, பிடி பிடியாக அளந்து கொடுப்பது சர்வாதிகாரம் அல்ல. அளந்து கொடுப்பவரைக் கேள்வி கேட்க முடியாமல் போவதும், மாற்ற முடியாமல் போவதும்தான் சர்வாதிகாரம். பேரழிவு கேம்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகின்றன. சிக்கல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1. பனிநகரத்தின் கணக்கு

ஃப்ராஸ்ட்பங்க் 2018 ஏப்ரலில் வந்தது. செய்தவர்கள் வார்சாவில் இருக்கும் 11 பிட் ஸ்டூடியோஸ். இதற்கு முன் 2014-இல், முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சாதாரண மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டும் 'திஸ் வார் ஆஃப் மைன்' செய்தவர்களும் இவர்கள்தான். ஃப்ராஸ்ட்பங்க் கதை கற்பனையான 1886-இல் நடக்கிறது. உலகம் உறைந்துவிட்டது. லண்டனிலிருந்து தப்பி வடக்கே வந்த ஒரு சிறு கூட்டம், ராட்சத நிலக்கரி ஜெனரேட்டர் ஒன்றைச் சுற்றி நகரம் கட்டுகிறது. நீங்கள் கேப்டன்.

திரையில் இரண்டு அளவிகள் எப்போதும் இருக்கும். ஒன்று நம்பிக்கை, இன்னொன்று அதிருப்தி. நம்பிக்கை வற்றினாலோ, அதிருப்தி நிரம்பினாலோ, மக்கள் கெடு வைப்பார்கள். அதற்குள் சரிசெய்யவில்லை என்றால் கேப்டனைத் தூக்கிவிடுவார்கள், ஆட்டம் முடிந்தது. உங்கள் கையில் ஒரு சட்டப்புத்தகம் இருக்கிறது. வேலை நேரத்தை 14 மணியாக்கலாம். ஒருநாள் முழுக்க, 24 மணி நேரமும், வேலை வாங்கலாம். குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாம், அல்லது அவர்களுக்குக் காப்பகம் கட்டலாம். இறந்தவர்களைப் புதைக்கலாம், அல்லது பனிக்குழியில் போட்டு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பலன், ஒரு விலை.

பிறகு வின்டர்ஹோம் என்ற இன்னொரு நகரம் அழிந்துபோன செய்தி வருகிறது. நம்பிக்கை சரிகிறது. "லண்டனுக்கே திரும்பிப் போகலாம்" என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. அப்போதுதான் சட்டப்புத்தகத்தில் புதிய பகுதி திறக்கும்: ஒழுங்கு அல்லது மதம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒழுங்கின் பாதை அக்கம்பக்கக் காவலில் ஆரம்பிக்கும். அது யாருக்கும் தப்பாகத் தெரியாது. அப்புறம் காவல் நிலையம், காலைக் கூட்டம், சிறை, பிரசார மையம், விசுவாச உறுதிமொழி. கடைசிப் பக்கம் புதிய ஒழுங்கு: நீங்கள்தான் எல்லாம், எதிர்ப்பவனுக்குப் பொது இடத்தில் மரணம். மதப் பாதையும் பிரார்த்தனை வீட்டில் தொடங்கி இதே இடத்துக்குத்தான் வந்து சேரும், வேறு வேஷத்தில்.

இந்தப் படிக்கட்டு அமைப்பை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டத் தகுந்ததுதான். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து கொஞ்சம்தான் தள்ளி இருக்கிறது. இறுதியில் மைனஸ் 150 டிகிரிவரை இறங்கும் புயல் வருகிறது. தாக்குப்பிடித்தால், உங்கள் நகரம் கட்டப்பட்ட கதை வேகமாக ஓடிக் காட்டப்படும், கூடவே நீங்கள் செய்தவை வரிவரியாக வரும். எல்லை தாண்டியிருந்தால், இவ்வளவும் தகுமா என்று கேம் உங்களிடம் கேட்டு முடியும்.

இந்தக் கடைசிக் கேள்விதான் பலரை எரிச்சல்படுத்தியது. "சட்டத்தை நீயே கொடுத்தாய், அதில்லாமல் செத்திருப்போம், இப்போ எங்களைக் குற்றவாளி ஆக்குறியா?" இந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பார்ப்போம்.

2. வேற வழி இருந்தது

முதலில் நியாயமில்லாத பாதி. புதிய ஒழுங்கு இல்லாமலே இந்த கேமை ஜெயிக்கலாம். கொஞ்சம் பழகியவர்கள் பலரும் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே புயலைத் தாண்டிவிடுகிறார்கள். ஏனென்றால் புயலில் நகரத்தைக் காப்பாற்றுவது தூக்குமேடை இல்லை. குவித்து வைத்த நிலக்கரி, வேட்டை நின்றுபோகும் நாட்களுக்குச் சேர்த்த உணவு, நேரத்துக்குச் செய்த வெப்ப மேம்பாடுகள், சரியான இடத்தில் கட்டிய வீடுகள், இவைதான். முதல் பத்து நாளில் ஆராய்ச்சியை ஒழுங்காகச் செய்யாதவர்தான் முப்பதாவது நாளில் "வேற வழி இல்ல" என்கிறார். அடக்குமுறை அங்கே வேலை செய்வது உண்மை. ஆனால் அது குளிருக்கு மருந்தாக வேலை செய்யவில்லை, மோசமான திட்டமிடலுக்கு மூடியாக வேலை செய்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேமின் முதல் பாதியில் மக்கள் வந்து கேட்பார்கள்: வீடு இல்லாமல் தூங்குறோம், இத்தனை நாளுக்குள் கட்டிக் கொடுங்கள். நீங்கள் வாக்குக் கொடுக்கலாம். காப்பாற்றினால் நம்பிக்கை ஏறும், தவறினால் விழும். இது என்ன? கேட்பது, வாக்குக் கொடுப்பது, கெடு, தவறினால் தண்டனை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சி என்பதன் அடிப்படைச் சாமான்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. நம்பிக்கையை ஏற்ற, அடக்குமுறை இல்லாத இந்த வழியும் கேமுக்குள்ளேயே இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது.

இப்போது நியாயமான பாதி. விளையாட்டு எப்படி வாதாடுகிறது என்பதற்கு இயன் போகோஸ்ட் 2007-இல் வந்த 'பெர்சுவேசிவ் கேம்ஸ்' நூலில் ஒரு கருத்தை வைத்தார். வசனத்தால் அல்ல, விதிகளால் வாதாடுகிறது என்பது அதன் சாரம். ஒரு கேம் என்ன நினைக்கிறது என்று தெரிய, அது எதற்குப் பரிசு கொடுக்கிறது, எதற்குத் தண்டனை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், புதிய ஒழுங்குக்குக் கையெழுத்துப் போட்டதும் நடப்பது இதுதான்: நம்பிக்கை அளவி மறைகிறது. அந்த இடத்தில் கீழ்ப்படிதல் என்று ஓர் அளவி வருகிறது. அது எப்போதும் நிறைந்தே இருக்கும். நம்பிக்கை வற்றி ஆட்டம் முடிவது என்ற ஆபத்தே இல்லாமல் போய்விடுகிறது.

காட்சியாக இது அபாரம். ஆனால் கணக்காக இது பொய். உண்மையான ஆட்சியில் மக்கள் மனநிலையைக் காட்டும் அளவியைப் பிடுங்கி எறிந்தால் ஆட்சியாளருக்கு ஆபத்து போய்விடுவதில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் போய்விடுகிறது. பொருளாதார அறிஞர் ரொனால்ட் வின்ட்ரோப் 1998-இல் எழுதிய நூலில் இதைச் சர்வாதிகாரியின் இக்கட்டு என்கிறார். பயம் கூடக்கூட, எதிரே நிற்பவன் சொல்லும் "ஆமாங்க ஐயா" விசுவாசத்தில் வருகிறதா பயத்தில் வருகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஃப்ராஸ்ட்பங்க் அந்த இக்கட்டைச் சலுகையாக மாற்றிக் கொடுக்கிறது. விதியில் பரிசைக் கொடுத்துவிட்டு, வசனத்தில் கண்டிக்கிறது. ஆடுபவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

3. எல்லாம் தெரிந்த கேப்டன்

அடுத்தது, இந்த வகை கேம்கள் பெரும்பாலும் செய்யும் ஒரு மோசடி. மோசடி என்பது கடுமையான சொல்தான், ஆனால் வேண்டுமென்றேதான் போடுகிறேன். கேப்டனாகிய உங்களுக்கு எல்லாமே தெரியும். கிடங்கில் எவ்வளவு நிலக்கரி, எத்தனை பேர் பசியில், எந்த வீடு குளிரில், எல்லாம் துல்லியமாக. எந்த அதிகாரியும் உங்களிடம் பொய் சொல்வதில்லை. சுரங்க மேற்பார்வையாளன் பயந்துபோய் உற்பத்தியைக் கூட்டிச் சொல்வதில்லை. சமையற்கூடக்காரன் இரண்டு மூட்டையை ஒதுக்குவதில்லை.

வரலாற்றில் சர்வாதிகாரம் மனிதர்களைக் கொன்றது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சீனாவில் 1959 முதல் 1961 வரை நடந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். விளைச்சல் இவ்வளவு என்று கீழ்மட்ட அதிகாரிகள் போட்டி போட்டுக்கொண்டு ஊதிச் சொன்னார்கள். குறைத்துச் சொன்னால் வலதுசாரி என்று முத்திரை விழும். அந்த ஊதிய கணக்கை வைத்து அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்தது. விளைவித்தவன் பட்டினி. இதைத்தான் அமர்த்தியா சென் தொடர்ந்து வலியுறுத்தினார்: எதிர்க்கட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற ஜனநாயகத்தில் பெரும்பஞ்சம் வந்ததில்லை, ஏனென்றால் செய்தி மேலே போய்ச் சேர்ந்துவிடும், சேர்ந்தும் ஒன்றும் செய்யாத அரசு அடுத்த தேர்தலில் விலை கொடுக்கும்.

இங்கே எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும். இந்தியா பஞ்சத்தைத் தடுத்ததே தவிர, அன்றாடப் பட்டினியைத் தடுக்கவில்லை என்பதையும் சொன்னவர் அதே சென்தான். ஜான் திரேசுடன் சேர்ந்து 1989-இல் எழுதிய 'ஹங்கர் அண்ட் பப்ளிக் ஆக்ஷன்' நூலில், மக்கள் நலத்தில் சீனா இந்தியாவை முந்தியதையும் எடுத்துக்காட்டினார். ஒரு கட்சி ஆட்சி சிலவற்றை வேகமாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது தப்பான திசையில் போகும்போது யாரும் பிரேக்கைப் பிடிக்க முடியாது. பேரழிவுக் காலத்தில், ஒரே ஒரு தப்புக் கணக்கில் ஊரே போய்விடும் நேரத்தில், எது முக்கியம்? வேகமா, பிரேக்கா? கேம் உங்களுக்குப் பிழையே இல்லாத கணக்கைக் கொடுத்துவிடுவதால் பிரேக் தேவைப்படுவதே இல்லை.

4. சீசரும் ஹவுஸும்

ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010-இல் வந்தது, செய்தது அப்சிடியன். கதை நடப்பது 2281-இல், அணுப்போருக்கு 200 ஆண்டுக்குப் பின், மொஹாவே பாலைவனத்தில். இதில் இரண்டு விதமான சர்வாதிகாரம் இருக்கிறது. இரண்டையும் கேம் உங்களிடம் வந்து வாதாட வைக்கிறது, அதுதான் இதன் அழகு.

சீசரின் உண்மைப் பெயர் எட்வர்ட் சாலோ. அறிவைப் பரப்பும் ஓர் அமைப்பில் இருந்தவர். ரோமானிய வரலாற்று நூல்களைப் படித்து, 86 பழங்குடிகளை வென்று, அவர்கள் பெயரையும் மொழியையும் அழித்து, ஒரே படையாக்கினார். அடிமை முறை உண்டு, பெண்களுக்கு எந்த உரிமையும் இல்லை. லீஜியனை நீங்கள் முதலில் பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று நிப்டன் என்ற ஊர். அங்கே குலுக்கல் சீட்டு நடத்தி, யாரைக் கொல்வது, யாரை அடிமையாக்குவது என்று முடிவு செய்திருப்பார்கள். சாலையோரம் சிலுவையில் ஆட்கள் தொங்குவார்கள்.

இதற்கு எதிர்த் தட்டில் கேம் வைப்பது ஒரு வாதம்: லீஜியன் ஆளும் பகுதிகளில் வணிகர்கள் நிம்மதியாகப் போய் வருகிறார்கள், கொள்ளைக்காரர்கள் வாலாட்டுவதில்லை. இதை லீஜியனோடு வியாபாரம் செய்பவர் மட்டும் சொல்லவில்லை, உங்களோடு பயணிக்கும் ரவுல் போன்ற பாத்திரமும் பழைய அரிசோனாவின் அராஜகத்தை நினைவுகூர்கிறார். மறுபக்கம் ஜனநாயகக் குடியரசான என்.சி.ஆர். ஊழல், மாட்டுப் பண்ணை முதலாளிகளின் ஆதிக்கம், தகுதிக்கு மீறி அகலக்கால் வைத்த ராணுவம் என்று தள்ளாடுகிறது. நியாயமான தராசு மாதிரித்தான் தெரியும்.

ஆனால் தராசின் ஒரு தட்டு காலி. அந்தப் பாதுகாப்பான சாலையில் நீங்கள் ஒருபோதும் நடப்பதில்லை. கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே லீஜியன் நிலத்தைக் காட்டத் திட்டம் இருந்தது. ஏறக்குறைய 18 மாதத்தில் முடிக்க வேண்டிய கேம் அது, அந்தப் பகுதி வெட்டப்பட்டது. அதனால் கொடுமையை நாம் கண்ணால் பார்க்கிறோம், நன்மையை வாய்வழிச் செய்தியாகக் கேட்கிறோம். சர்வாதிகாரத்தின் நன்மைகளை வெளியில் இருப்பவர்கள் வாய்வழிச் செய்தியாகவே கேட்கிறார்கள் என்பதால், வெட்டுப்பட்டதில்கூட ஓர் உண்மை வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாலை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்பவர் வணிகர். சாலையில் சுமை தூக்கும் அடிமையிடம் யாரும் கேட்கவில்லை. பெயரிழந்த 86 பழங்குடிகளுக்கு இதில் நன்மை என்று சொல்ல வேண்டுமானால், அவர்கள் இன்னும் ஒரு சமூகமாக இருக்க வேண்டுமே.

மிஸ்டர் ஹவுஸ் வேறு ரகம். போருக்கு முந்தைய தொழிலதிபர், இயந்திரத்தில் உயிரை வைத்துக்கொண்டு 200 ஆண்டுக்கு மேல் இருப்பவர். வேகஸை நோக்கி வந்த 77 ஏவுகணைகளில் 68-ஐத் தடுத்தவர். அவர் இல்லை என்றால் அந்த ஊரே இல்லை. அடிமை முறை கிடையாது, கொள்கைப் பிரசங்கம் கிடையாது. 50 ஆண்டில் மனிதனை விண்ணுக்கு அனுப்புவேன், 100 ஆண்டில் வேறு கோள் தேடிக் கப்பல் கிளம்பும் என்கிறார். சர்வாதிகாரத்துக்கு ஆதரவாக வாதாட வேண்டும் என்றால் இவரைவிட நல்ல வேட்பாளர் கிடைக்க மாட்டார்.

ஆனால் கதையில் அவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊரெல்லாம் அவருடைய ரோபோக்கள். அப்படியிருந்தும் அவர் வளர்த்துவிட்ட பென்னியே அவர் முதுகில் குத்தத் திட்டம் போடுகிறான், அதுவும் அவருடைய ரோபோ ஒன்றை மாற்றியமைத்து. அவர் சூட் போட்டு உட்காரவைத்த மூன்று குடும்பங்களில் ஒன்றான ஒமெர்டாக்கள் லீஜியனோடு சேர்ந்து தெருவையே தாக்கச் சதி செய்கிறார்கள். இன்னொரு குடும்பத்தில் பழைய நரமாமிசப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர ஒருவன் முயல்கிறான். சுவருக்கு வெளியே ஃப்ரீசைடில் ஏழைகள் தண்ணீருக்கு அல்லாடுவது அவர் கணக்கிலேயே இல்லை. எல்லாம் தெரிந்தவர் என்று ஊர் நம்பும் மனிதருக்கு, தன் வீட்டுக்குள் நடப்பது தெரியவில்லை. ஃப்ராஸ்ட்பங்க் மறைத்த உண்மையை நியூ வேகஸ் கதையாகச் சொல்லிவிடுகிறது.

அடுத்து வாரிசு. ஹவுஸுக்கு அடுத்து யார்? யாருமில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தால் 50 ஆண்டுத் திட்டமும் 100 ஆண்டுத் திட்டமும் அன்றே காலி. சீசருக்கு மூளையில் கட்டி. அவர் போனால் வருபவன் லானியஸ், அழிக்க மட்டுமே தெரிந்தவன். சாலைப் பாதுகாப்பு, ரோமக் கனவு எல்லாம் ஒரு மனிதனின் மண்டைக்குள் வளரும் கட்டியை நம்பி இருக்கிறது.

5. ரோமில் எடுக்காமல் விட்டது

சீசர் ரோம வரலாறு படித்தவர் என்பதால் அதையே வைத்துப் பேசலாம். சர்வாதிகாரிக்கான ஆங்கிலச் சொல்லே ரோமக் குடியரசின் பதவிப் பெயர்தான். ஆபத்துக் காலத்தில் ஒருவரை நியமிப்பார்கள், முழு அதிகாரம் கொடுப்பார்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. கி.மு. 458-இல் சின்சினாட்டஸ் பதவியேற்று, போரை முடித்து, 16-ஆம் நாளே இறங்கி வயலுக்குத் திரும்பினார் என்பது அவர்கள் போற்றிய மரபுக்கதை. கி.மு. 82-இல் சுல்லா கால வரம்பில்லாமல் அந்தப் பதவியில் அமர்ந்தார். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். குடியரசு அதன்பின் எழவே இல்லை.

அப்படியென்றால் "ஆபத்துக் காலத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது" என்ற வாதத்துக்கு 2000 ஆண்டுக்கு முன்பே ஒரு பதில் இருந்திருக்கிறது: சரி, அதிகாரம் எடுத்துக்கொள், தேதி போட்டு எடுத்துக்கொள்.

ஃப்ராஸ்ட்பங்க் சட்டப்புத்தகத்துக்குத் திரும்புவோம். அதில் கையெழுத்துப் போட்ட சட்டத்தை ரத்து செய்ய முடியாது. குளிர் குறைந்தாலும் முடியாது, நிலக்கரி மலையாகக் குவிந்தாலும் முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று போட வழியில்லை. காவலர்கள் வேண்டும், ஆனால் அவர்கள் மேல் புகார் சொல்ல ஓர் இடமும் வேண்டும் என்று எழுத ஒரு பக்கம் இல்லை. நகரம் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற சட்டம் இல்லவே இல்லை. ஆடுபவர் சர்வாதிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதைவிட, சர்வாதிகாரத்தின் இரண்டு பிராண்டுகளில் ஒன்றை எடுத்தார் என்பதே சரி. எவ்வளவு தூரம் போவது என்பது மட்டும்தான் அவர் கையில். ஆகவே "வேற வழி இல்ல" என்பது ஓரளவு உண்மை. வழி இல்லாமல் போனதற்குக் காரணம் குளிர் அல்ல, புத்தகத்தை எழுதியவர்கள் அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டதுதான்.

6. கொள்ளைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சீசரின் சாலை பாதுகாப்பானது என்றால், அது யாரிடமிருந்து பாதுகாப்பு? கொள்ளைக்காரர்களிடமிருந்து. ஃபால்அவுட் உலகில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் விவசாயம் செய்வதில்லை, பிள்ளை வளர்ப்பதில்லை, எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள் என்றே பெரும்பாலும் தெரியாது. ஏன் இருக்கிறார்கள்? நாம் சுடுவதற்கு ஆள் வேண்டும், அதனால் இருக்கிறார்கள். சண்டை விளையாட்டுக்குக் குறி தேவை. அந்தத் தேவை "ஆள்பவன் இல்லாவிட்டால் மனிதன் மிருகம்" என்ற தத்துவமாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பிறகு அந்த மிருகத்தை அடக்கச் சீசர் வருகிறார், நாமும் தலையாட்டுகிறோம்.

ரெபெக்கா சோல்னிட் 2009-இல் எழுதிய 'எ பாரடைஸ் பில்ட் இன் ஹெல்' இதற்கு நேர் எதிரான சான்றுகளை அடுக்கும் நூல். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டி, தெரியாதவர்களுக்கும் சமைத்துப் போட்டார்கள். அதே நேரத்தில் மேயர் ஷ்மிட்ஸ், கொள்ளையடிப்பவர்களைக் கண்டதும் சுட உத்தரவு போட்டார். தங்கள் சொந்தப் பொருளை எடுக்கப் போனவர்களும் சந்தேகத்தில் சுடப்பட்டார்கள். பேரழிவில் மனிதர்கள் எல்லோரும் புனிதர்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பயந்த அதிகாரம் செய்யும் சேதத்தை நம் கேம்கள் கணக்கில் எடுப்பது அபூர்வம்.

அந்த அபூர்வத்துக்கு அருகில் வருவது தி லாஸ்ட் ஆஃப் அஸ் (2013). பாஸ்டனில் ஃபெட்ரா என்ற ராணுவ நிர்வாகம். ரேஷன் அட்டை, ஊரடங்கு, தெருவிலேயே மரண தண்டனை. பிட்ஸ்பர்கில் மக்கள் அந்த ராணுவத்தை அடித்து விரட்டிவிட்டார்கள். விரட்டியவர்கள் இப்போது வழிப்போக்கரைக் கொன்று செருப்பைக்கூடக் கழற்றிக்கொள்ளும் கூட்டம். "பார்த்தியா, ஃபெட்ராவே தேவலாம்" என்று படிக்கலாம். எனக்கு வேறு மாதிரிப் படிக்கத் தோன்றுகிறது. பல ஆண்டுகளாகத் துப்பாக்கியைத் தவிர வேறு எந்த ஆட்சிக் கருவியையும் அந்த ஊர் பார்க்கவில்லை. சங்கம் இல்லை, பஞ்சாயத்து இல்லை. துப்பாக்கி கை மாறியபோது கூடவே கைமாற வேறு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாம் பாகத்தில் (2020) சியாட்டிலிலும் இதுதான்: ஃபெட்ராவை விரட்டியவர்கள் ஃபெட்ராவைப் போலவே சித்திரவதைக் கூடம் நடத்துகிறார்கள். ஆனால் அதே உலகத்தில் ஜாக்சன் என்ற ஊரும் இருக்கிறது. மதில் உண்டு, முறை வைத்துக் காவல் உண்டு, எல்லோருக்கும் வேலை உண்டு. கண்டிப்பு இருக்கிறது, ஃபெட்ரா இல்லை. அந்த உலகத்தில் பிள்ளைகள் பனியில் விளையாடும் ஊர் அதுதான்.

7. புயலுக்கு மறுநாள்

ஃப்ராஸ்ட்பங்க் புயலோடு முடிகிறது. காவலர்கள் வீட்டுக்குப் போனார்களா, சிறை மூடப்பட்டதா, கேப்டன் இறங்கினாரா, எதுவும் நமக்குத் தெரியாது. ஆபத்து முடியும் நொடியில் கேமும் முடிந்துவிட்டால், ஆபத்துக்கால அதிகாரத்தின் பில் வருவதற்குள் நாம் கடையை விட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

2024 செப்டம்பரில் வந்த ஃப்ராஸ்ட்பங்க் 2-இல் அந்த பில் வருகிறது. முப்பது ஆண்டு கழித்து, கேப்டன் இறந்துவிட்டார். 100 இடங்கள் கொண்ட கவுன்சில் இருக்கிறது. சட்டம் வேண்டுமா, ஓட்டு வாங்கு. ஓட்டு வேண்டுமா, ஒரு பிரிவோடு பேரம் பேசு, வாக்குக் கொடு. சட்டத்தை ரத்தும் செய்யலாம். முதல் பாகத்தின் ரசிகர்களில் சிலர் இதை ரசிக்கவில்லை. கேப்டனாக இருந்த சுகம் போய்விட்டது. உண்மைதான், வெறுப்பேற்றும். ஒரு நல்ல சட்டம் மூன்று ஓட்டில் தோற்கும்போது, கவுன்சிலை ஓரங்கட்டிவிட்டு மறுபடி கேப்டனாகிவிடலாமா என்று கை பரபரக்கும். கேமும் கடைசியில் அந்த வாய்ப்பைத் தருகிறது. சர்வாதிகாரத்தின் ஈர்ப்பைப் பற்றி முதல் பாகம் சொன்னதைவிட இந்தப் பரபரப்பு எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. இந்த ஆசை பயத்தில் மட்டும் வருவதில்லை. பொறுமை இல்லாததாலும், "எனக்குத்தான் சரி எதுன்னு தெரியுமே" என்ற நினைப்பாலும் வருகிறது. முதல் பாகத்தில் அந்த நினைப்பு உண்மை, கேம் அப்படி அமைத்திருந்தது. வெளியே அப்படி யாருக்கும் அமைவதில்லை.

ஆக, இந்தக் கேம்களில் சர்வாதிகாரம் சமூகத்துக்கு நன்மை செய்கிறதா? செய்கிறது, மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேறும்போது. ஆள்பவருக்குப் பொய் சொல்லப்படாத தகவல் எப்போதும் கிடைக்க வேண்டும். அவர் சாகாமலும், மாறாமலும், சுயநலம் இல்லாமலும் இருக்க வேண்டும். ஆபத்து முடிந்ததும் கதை முடிந்துவிட வேண்டும். கன்ட்ரோலரைக் கையில் பிடித்திருப்பவருக்கு மூன்றும் இலவசம். தப்பானால் பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி தொடங்கலாம், செத்த பிள்ளைகள் எழுந்து வருவார்கள். நியூ வேகஸ் முதல் இரண்டு நிபந்தனைகளையும் உடைத்துக் காட்டியது, ஃப்ராஸ்ட்பங்க் 2 மூன்றாவதை.

யாராவது இன்னும் துணிச்சலாக ஒரு கேம் செய்தால் நன்றாக இருக்கும். அதில் காவல் நிலையங்கள் கூடக்கூட, திரையில் தெரியும் நிலக்கரிக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாகட்டும். கிடங்கில் 4000 மூட்டை என்று காட்டட்டும். புயல் இரவில் கதவைத் திறந்தால் 900 இருக்கட்டும். அங்கே நின்றுகொண்டு "வேற வழி இல்ல" என்று சொல்லிப் பார்க்கலாம்.